பாதி வந்த பாதம்

"குழந்தை நலம்" என்று திரையில் பச்சை எழுத்து வந்தது.

செவிலியர் எஸ்தர் திரையைப் பார்த்தாள். பிறகு மேசையில் துணி விரித்துக் கிடத்தியிருந்த குழந்தையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே குழந்தையாகத் தெரியவில்லை.

திரையில் இருந்தது இளஞ்சிவப்பு. இப்போதுதான் வயிறு நிறையப் பால் குடித்து முடித்தது போன்ற களை. மேசையில் இருந்தது மஞ்சள். நெற்றி, மார்பு, வயிறு, தொடை எல்லாம் மஞ்சள். பிறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. காலையிலிருந்து மார்பில் வாய் வைக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினால் மெலிதாகக் கீச்சிட்டது. உடனே தூக்கத்தில் விழுந்தது.

"என்ன சொல்லுது சிஸ்டர்?" என்று கேட்டாள் தாய் சந்தனமாரி.

"நல்லா இருக்குன்னு சொல்லுது."

"அப்புறம் ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்கு?"

எஸ்தர் போனை எடுத்தாள். கோவை பெரிய மருத்துவமனைக்கு அழைப்புப் போட்டாள்.

தேவிமட்டம் துணை சுகாதார நிலையத்தில் இரண்டே அறைகள். வெளியே விடாத மழை. மலைப்பாதை சரிந்து, பேருந்து நின்று போயிருந்தது. சந்தனமாரியின் கணவன் மேட்டுப்பாளையத்தில், சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். இனி மலையிலிருந்து குழந்தையைக் கீழே கொண்டுபோக ஒரே வழி, தும்பி. ஆளில்லாமல் பறந்து வரும் ஆம்புலன்ஸுக்கு ஊர் வைத்த பெயர் அது. இருட்டிவிட்டால் தும்பி பறக்காது. அது கிளம்ப வேண்டுமென்றால், அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுக் கணினி 'ஆபத்து' என்று சொல்ல வேண்டும். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. பொய் அழைப்புகள் பெருகிய காலத்தில் போட்ட விதி அது.

"டாக்டரம்மா, நான் கண்ணால பாக்கறேன். பச்சப்புள்ள மஞ்சளா இருக்கு" என்றாள் எஸ்தர்.

போனில் தெரிந்த டாக்டர் சுபத்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க அனுப்பின படம் எல்லாத்துலயும் செவப்பாத்தான் இருக்கு எஸ்தர். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினாங்களா?"

சந்தனமாரி முந்திக்கொண்டாள். "ஆமாங்கம்மா. நேத்துக் காலைல கடலமாவும் மஞ்சளும் பூசித்தான் குளிப்பாட்டினேன். பூசாம எப்படிங்க?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கம் எஸ்தருக்குப் புரிந்தது.

"சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவிட்டேன்மா. போகல."

"எஸ்தர், ஒரு விஷயம் சொல்றேன். இது எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளிய பேசறதில்ல. படத்தை எல்லாம் நிறச்சீர்னு ஒரு ப்ரோக்ராம் சரி பண்ணுதில்ல? அது நம்ம பக்கத்துக்குன்னு தனியா மஞ்சளை எடுத்துடும்."

"ஏன்?"

"நம்ம ஜனங்க கேட்டதுதான். நலங்குப் படமெல்லாம் காமாலை வந்த வீடு மாதிரி இருக்குன்னு புகார் போச்சு. கம்பெனிக்காரங்க சரி பண்ணிக் குடுத்தாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். என் பொண்ணு கல்யாண ஆல்பம் பாத்து நானே சந்தோஷப்பட்டேன். இப்ப அது கேமராவுல இல்ல, சிப்புக்குள்ளயே இருக்கு. யாராலயும் அணைக்க முடியாது."

"அப்ப காமாலை வந்தா எப்படித்தான் கண்டுபிடிக்கறது?"

"இங்க ரத்தம் எடுத்துப் பாக்கறோம். எங்களுக்குப் படம் வேண்டியதில்ல" என்றார் டாக்டர். கொஞ்சம் தாழ்ந்த குரலில், "உங்களுக்குத்தான் வேணும்" என்று சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எஸ்தர், அந்த ஊர்ல படத்தைத் திருத்தாத பழைய கருவி ஏதாவது கிடைக்குமா? ரொம்பப் பழசு. இந்த நிறச்சீர் வர்றதுக்கு முந்தினது?"

எஸ்தர் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி காசிமின் பழைய சாமான் கடை. மழைக்கு ஆளே இல்லை. காசிம் ஒரு மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் ஜுலைகா, ஒன்பது வயது. பிறவியிலிருந்து காது கேட்காது என்று ஊரில் சொல்வார்கள். கைகள் ஓர் இடத்தில் நிற்காது. தண்ணீருக்குள் அசையும் பாசிபோல் எப்போதும் ஏதோ ஒரு பக்கம் வளைந்துகொண்டிருக்கும். அந்தக் கைகளாலேயே ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று ஆணி உள்ளே விழுந்தால் இரண்டு வெளியே விழும்.

"பாய், பழைய கேமரா இருக்கா?"

"கேமரா எல்லாம் மௌத்தாப் போச்சு சிஸ்டர். பேட்டரி உப்பிக் கெடக்கு."

"படம் எடுக்கற எதுவா இருந்தாலும் சரி. பழசா இருக்கணும்."

காசிம் யோசித்தார். பிறகு பழைய பேப்பர் எடை போடும் தராசைத் தூக்கி வைத்தார். அதற்கு அடியில், மேடை போல, சாம்பல் நிறத்தில் ஒரு தட்டையான பெட்டி.

"ஸ்கேனர். எஸ்டேட் ஆபீஸ் ஏலத்துல வந்தது."

"வேலை செய்யுமா?"

"தராசு வைக்க நல்லாத்தான் வேலை செய்யுது."

எஸ்தர் விஷயத்தைச் சொன்னதும் அவர் வேறு எதுவும் பேசவில்லை. பெட்டியைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். மனைவி பல்கீஸ் தேயிலை ஃபேக்டரியில் பகல் ஷிஃப்ட். கடையில் தனியே விட முடியாது என்று ஜுலைகாவும் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

முதல் தகராறு வயரில். ஸ்கேனரின் தடித்த முனை புதுக் கணினியின் சின்னத் துளைக்குள் போகவில்லை. காசிம் சட்டைப் பையைத் துழாவி ஒரு இணைப்புத் துண்டை எடுத்துச் செருகினார். இரண்டாவது தகராறு பெரிது. கணினி அந்தப் பெட்டியை யாரென்றே தெரியாது என்று சாதித்தது.

"கம்பெனி இதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆச்சு" என்றார் காசிம். "ஆனா கைவிட்ட மெஷினுக்கெல்லாம் சும்மாவே ப்ரோக்ராம் எழுதிப் போடற ஆளுங்க இருக்காங்க. எந்த நாட்டுக்காரனோ, நல்லா இருக்கட்டும்."

மழையில் இணையம் ஊர்ந்தது. ப்ரோக்ராம் இறங்கும் கோடு பாதியில் நின்று நின்று நகர்ந்தது. சந்தனமாரி குழந்தையின் வாயில் பாலைப் பீய்ச்சிப் பார்த்தாள். உதட்டோரம் வழிந்தது.

அவள் அழுவதைக் காசிம் பார்த்தார். தேறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்து நீட்டினார்.

"இந்தா தங்கச்சி, பாரு. ஜுலைகா. பொறந்து நாலஞ்சு நாள்ல எடுத்தது. இதே ரூம்தான், இதே மேசைதான். எப்படி இருக்கா பாரு, தக்காளிப் பழமாட்டம். உன் புள்ளையும் இப்படி ஆயிடும்."

சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "அழகா இருக்காண்ணா."

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று எப்படியோ ஜுலைகாவுக்குத் தெரிந்தது. போனில் இருந்த சிவப்புக் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, சம்பந்தமில்லாதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ப்ரோக்ராம் இறங்கியது. 'அறியப்படாத கருவி. விளைவுகளுக்கு நீங்களே பொறுப்பு' என்று கணினி எச்சரித்தது. எஸ்தர் சரி என்று தட்டினாள். விளக்கு எரிந்தது. அடுத்த நொடி பெட்டிக்குள் கரகரவென்று பல்லைக் கடிக்கும் சத்தம்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" காசிம் எஸ்தரின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினார். "தராசு வச்சு வச்சே ஒடைச்சிட்டேனா யா அல்லாஹ்!"

பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பக்கம் ஓர் ஓரத்தில், அழுக்குக்கு அடியில், பூட்டுப் படம் போட்ட சின்னத் திருகு. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வண்டியில ஏத்தறப்ப உள்ள இருக்கற விளக்கு ஆடாம இருக்கப் பூட்டி வைப்பாங்க. எஸ்டேட்காரன் பூட்டிக் குடுத்தது. நான் இத்தனை வருஷமா தொறக்கவே இல்ல. சில்லறை இருக்கா?"

எஸ்தர் கொடுத்த நாணயத்தால் திருகைத் திருப்பினார். இந்த முறை விளக்கு ஆட்டமில்லாமல் கண்ணாடிக்கு அடியில் நடந்து போய்த் திரும்பியது.

"உள்ளங்காலை வையுங்க" என்றார் போனில் டாக்டர். "கண்ணாடி மேல லேசா அழுத்துங்க. அழுத்தினா ரத்தம் விலகும், அடியில இருக்கற நெறம் தெரியும். காமாலை தலைலேர்ந்து கீழ எறங்கும் எஸ்தர். உள்ளங்கால் வரைக்கும் வந்திருந்தா கைமீறப் போகுதுன்னு அர்த்தம். பூசின மஞ்சள்னா மடிப்புல திட்டுத்திட்டா நிக்கும். ரத்தத்துல இருக்கறதுன்னா அழுத்தின எடமெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்."

ஸ்கேனரின் மூடியைக் கழற்றினார்கள். சந்தனமாரி முந்தானையால் மேலே வெளிச்சம் மறைத்தாள். எஸ்தர் குழந்தையின் இடது பாதத்தைக் கண்ணாடியில் பதித்துப் பிடித்தாள். கட்டைவிரல் நீளம்தான் இருந்தது அந்தப் பாதம்.

திரையில் படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. விரல் நுனிகள். விரல்களின் அடி. பிறகு பாதத்தின் மேடு.

மஞ்சள். திட்டு இல்லை, மடிப்பு இல்லை. பழுத்த மாம்பழத்தோல் போல ஒரே மஞ்சள்.

"வருது டாக்டரம்மா! வருது!" என்று கத்தினாள் எஸ்தர்.

குதிகால் வந்தது. கடைசிக் கோடு வந்தது. படம் முழுதானது. ஒரு கணம் திரை சிமிட்டியது.

பாதம் இளஞ்சிவப்பாக மாறியது. கீழே ஒரு வரி: 'நிறம் சீர் செய்யப்பட்டது.'

சந்தனமாரி திரைக்கு அருகே போய் நின்றாள். அந்தச் சிவப்புப் பாதத்தைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் இளகியது.

"சிஸ்டர்," என்றாள் மெதுவாக, "ஒருவேளை மெஷின் சொல்றதுதான் சரியோ என்னவோ. நல்லாத்தானே இருக்கு? மழைல அலைய வேணாமே. ரெண்டு நாள் பாத்தா என்ன?"

எஸ்தர் போனைச் சந்தனமாரியின் பக்கம் திருப்பினாள். டாக்டர்தான் பேசினார்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. இந்த மஞ்சள் அளவுக்கு மேல போனா மூளைல ஏறும். உசிர் போகலாம். உசிர் நின்னாலும் காது போயிடும். கையும் காலும் சொன்ன பேச்சுக் கேக்காது, அதுபாட்டுக்கு வளைஞ்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் எந்த வைத்தியத்துலயும் திரும்பாது. பாக்கறவங்க பொறவியிலேயே அப்படின்னு சொல்லிக்குவாங்க."

கணினி முன் உட்கார்ந்திருந்த காசிமின் கை அசையாமல் நின்றது. பின்னால் ஜுலைகா நீட்டிய கை பட்டு ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் திரும்பினார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. காசிமும் திரும்பவில்லை.

அவர் பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"சிஸ்டர். கோடு கோடா வர்றப்ப மஞ்சளாத்தானே வந்துச்சு?"

"ஆமா பாய்."

"முழுசானதும்தான் அதுக்கு இது குழந்தைக் கால்னு புரியுது. புரிஞ்சதும் அழகாக்கிடுது." அவர் திரையைத் தொட்டுக் காட்டினார். "முழுசாக விடக்கூடாது. பாதியில நிறுத்திடுவோம்."

"பக்கத்துல வெள்ளையா ஏதாவது வையுங்க" என்றார் டாக்டர் உடனே. "நிச்சயமா வெள்ளைன்னு தெரிஞ்ச பொருள். புதுக் காஸ் துணி வையுங்க. அப்பத்தான் ஒப்பிட முடியும்."

எஸ்தர் புதுப் பொட்டலம் பிரித்துக் கட்டுப் போடும் காஸ் துணியைப் பாதத்தின் பக்கத்தில் வைத்தாள். காசிம் மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். விரல்கள் வந்தன. மேடு வந்தது. உள்வளைவு தொடங்கும் இடத்தில் தட்டினார். உள்ளே விளக்கு அப்படியே நின்றது.

பாதிப் பாதம். மஞ்சள். திரை சிமிட்டவில்லை.

"படத்தை அனுப்பாதீங்க" என்றார் டாக்டர். "இங்க வந்து சேர்றதுக்குள்ள செவப்பாயிடும். எண்ணா சொல்லுங்க. நெறத்துக்கு மூணு எண் காட்டும் பாருங்க, செவப்பு, பச்சை, நீலம். எண்ணை எந்த நிறச்சீரும் தொடாது."

காசிம் பாதத்தின் மேல் ஓர் இடத்தைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். நீலம் அடிமட்டத்தில் இருந்தது. பிறகு காஸ் துணியைத் தொட்டார்.

"இது என்னமோ ஒரு மாதிரி இருக்கே. வெள்ளைத்துணில நீலம் தூக்கலாக் காட்டுது."

"அந்த மெஷின் எதை வச்சு வெள்ளையை முடிவு பண்ணுது?"

"உள்ள ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும்மா. மொதல்ல அதைப் பாத்துட்டுத்தான் கிளம்பும்."

"அந்தப் பட்டை வயசாகி மஞ்சளாயிடுச்சு. மஞ்சளையே வெள்ளைன்னு நம்பிட்டிருக்கு." டாக்டர் எதையோ வேகமாகக் கணக்குப் போட்டார். "அப்ப அதுவும் கொறைச்சுத்தான் காட்டுது. நெஜம் நீங்க பாக்கறதைவிட மோசம்."

"தும்பி வருமாம்மா?" என்றாள் எஸ்தர். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்கள் கறுக்க ஆரம்பித்திருந்தன.

"படம்னு போட்டாத்தான் கணினி தீர்ப்புச் சொல்லும். நான் இதைப் பரிசோதனை அளவுன்னு போடறேன். அதுக்குப் படம் கேக்காது, டாக்டர் கையெழுத்து மட்டும்தான் கேக்கும்."

"தராசு வச்ச ஸ்கேனரு, பரிசோதனைக் கருவியா? நாளைக்கு உங்களைக் கேப்பாங்களே."

"கேக்கட்டும். டாக்டரான புதுசுல கண்ணால பாத்துத்தான் சொல்வோம். நாப்பது வருஷம் கழிச்சு இப்ப மறுபடி ஒரு குழந்தையோட நெறத்தை நானே தீர்மானிக்கிறேன், கேக்கட்டும்."

பள்ளிக்கூட மைதானத்தில் தும்பி இறங்கியபோது வானத்தில் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் மீதி இருந்தது. காசிம் குடை பிடித்தார். எஸ்தர் சந்தனமாரியை உள்ளே உட்கார வைத்து வார் மாட்டினாள். குழந்தையை மடியில் வைத்துக் கட்டினாள். தும்பி எழும்பியது. ஜுலைகா அண்ணாந்து பார்த்துக் கையசைத்தாள். அவள் கை எப்போதும் அசைவதுதான் என்பதால் அது வழியனுப்புகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் எஸ்தர் பஞ்சை நனைத்து ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைத்தாள். பஞ்சைப் பிரித்துப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. பூசிய மஞ்சள் ஒரு துளி இல்லை.

நன்றாக இருட்டிய பிறகு போன் அடித்தது. "நேரத்துக்கு வந்துட்டாங்க" என்றார் டாக்டர். "ரத்தம் மாத்திக்கிட்டிருக்கோம். எஸ்தர், புள்ளைக்குக் காது கேக்கும்."

எஸ்தர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, நிமிர்ந்தபோது காசிம் மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் போன். போனில் அந்தச் சிவப்புக் குழந்தை.

"பல்கீஸ் சொன்னா சிஸ்டர்" என்றார் திரும்பாமல்.

"என்ன பாய்?"

"புள்ள மஞ்சளா இருக்கு, டவுனுக்குக் கொண்டு போவோம்னு சொன்னா. நான் இந்தப் படத்தைக் காட்டி, நல்லாத்தானே இருக்குன்னு..."

அவர் முடிக்கவில்லை. எஸ்தர் இந்த மலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அந்த நாளை அவள் பார்த்ததில்லை.

காசிம் போனை ஸ்கேனரின் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தார். விளக்கு நடந்தது. திரையில் கோடு கோடாக ஒரு குழந்தை இறங்கி வந்தது. நெற்றி வந்ததும் தட்டி நிறுத்தினார். சிவப்பு. அழித்துவிட்டு மறுபடி எடுத்தார். இன்னும் முன்னதாக, உச்சந்தலையிலேயே நிறுத்தினார். சிவப்பு.

"அது எடுக்கறப்பவே மாறினது பாய்" என்றாள் எஸ்தர். "இனிமே வராது."

அவர் தலையாட்டினார். போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்கு அடியில் ஓடும் வெளிச்சம் ஜுலைகாவுக்குப் பிடித்துப் போயிருந்தது. அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டித் தன் கையை அதில் வைத்தாள். காசிம் அந்தக் கையை விலக்கப் போனார். பிறகு விலக்காமல், ஸ்கேனரை ஓட விட்டார்.

அவள் கை நிற்கவில்லை. விளக்கு நகர நகர விரல்களும் நகர்ந்தன. எத்தனையோ படம் எடுத்திருக்கிறார்கள் அவளை. பள்ளிக்கூடத்தில், பெருநாளில், தர்காவில். எல்லாப் படத்திலும் போனே அசைவை நீக்கிவிடும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு யாரோ ஓர் அமைதியான பெண் உட்கார்ந்திருப்பாள்.

இப்போது திரையில் இறங்கியது ஒரு நதி. ஐந்து விரல்களும் ஐந்து ஓடைகளாக நெளிந்து, வளைந்து, ஒன்றையொன்று நெருங்கி விலகி வந்தன. ஒவ்வொரு நெளிவும் அந்தக் கை அசைந்த ஓர் அசைவு. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

மணிக்கட்டு தெரியத் தொடங்கிய இடத்தில் காசிம் தட்டி நிறுத்தினார்.

ஜுலைகா திரையைப் பார்த்தாள். நெளிந்து கிடந்த விரல்களைப் பார்த்தாள். அவள் முகம் விரிந்தது. வளையும் கையைத் தூக்கி முதலில் திரையைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள்.